ஒரே நெஞ்சு எக்ஸ்ரே, ரெண்டு தீர்ப்பு

இப்ப கொஞ்ச நாளாக எங்கட போன் திரைகளில் ஒரே மாதிரியான வீடியோக்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் ஏதோ ஒரு பண்ணையில் ஸ்ட்ரோபெரி பறித்துக்கொண்டே ஒரு இந்தியப் பையன் தமிழில் கதைக்கிறான். "ஒரு வருஷம் வேலையும் செய்யலாம், ஊரும் சுத்தலாம்" என்கிறான். வேர்க்கிங் ஹொலிடே விசாவில் போனவன். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கான விசா அது. இந்தியாவுக்கு 2024 இல்தான் கிடைத்தது. வருஷத்துக்கு 1000 பேர், அதுவும் குலுக்கல் முறையில். இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஒரு காலத்தில் எங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தது. பொதுநலவாய நாட்டு இளைஞர்கள் ரெண்டு வருஷம் போய் வேலை செய்துகொண்டே ஊர் பார்க்கலாம் என்று பிரித்தானியா ஒரு விசா வைத்திருந்தது. இலங்கைப் பாஸ்போர்ட்டும் அதில் அடக்கம். 2008 இல் அதை நிறுத்திவிட்டார்கள். எங்களில் பலர் அப்ப நேர்சரி போய்க்கொண்டிருந்த வயசு.

ஆக, வேலையும் விடுமுறையும் சேர்ந்த பயணம் எங்கட தலைமுறைக்கு இல்லை. நாங்கள் வெளியே போவதென்றால் மாணவராகப் போகிறோம், கலியாணம் முடித்துப் போகிறோம், அல்லது வேலைக்கு மட்டும் போகிறோம். (அந்த "வேலைக்கு மட்டும்" என்பதில் விடுமுறை எவ்வளவு என்று மத்திய கிழக்கில் இருக்கும் எந்த அன்ரியைக் கேட்டாலும் சொல்லுவார்.) எந்த வழியில் போனாலும் எல்லோரும் கடக்க வேண்டிய ஒரு வாசல் உண்டு. அதுதான் மெடிக்கல்.

கொழும்பில் அந்த வாசல் ரெண்டு இடத்தில் ரெண்டு மாதிரி இருக்கிறது. வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்தால் மாணவர் விசா போர்டுகள் மாடி மாடியாகத் தொங்கும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்புக்குப் பக்கத்தில் கல்வி ஆலோசகர், அதுக்குப் பக்கத்தில் சத்தியக் கடதாசி முடிக்கிற இடம். கொட்டாஞ்சேனையில் கதை வேறு. வீட்டில் யாராவது ஒருவர் குவைத், கட்டார், சவூதி என்று போய்வந்திருப்பார், அல்லது போகக் காத்திருப்பார். அவர்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மருதானைப் பக்கம் ஏஜென்சிக்குப் போகிறார்கள். ரெண்டு பக்கத்தாரும் ஒரு நாள் காலையில் ஒரு ஆய்வுகூடத்தில் சட்டையைக் கழற்றி, நெஞ்சை ஒரு தகட்டோடு அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் படத்தை வாசிக்கும் சட்டம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதைத்தான் இங்கே கதைக்கப் பார்க்கிறோம்.

முதலில் லண்டன் பக்கம். ஆறு மாதத்துக்கு மேல் பிரித்தானியாவில் தங்கப் போகிற இலங்கையர் காசநோய் இல்லை என்ற சான்றிதழ் காட்ட வேண்டும். காசநோய் கூடுதலாக உள்ள நாடுகள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இலங்கை இருக்கிறது. முன்பு ஹீத்ரோவில் இறங்கியதும் அங்கேயே எக்ஸ்ரே எடுக்கிற வழக்கம் இருந்தது. 2012 க்குப் பிறகு அந்த வேலையை இங்கேயே, புறப்படுவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். கொழும்பில் இதைச் செய்வது ஐ.ஓ.எம். எனப்படும் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் நிலையம். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

எக்ஸ்ரேயில் ஏதாவது நிழல் தெரிந்தால் சளி கேட்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து, காலையில். அதை வளர்த்துப் பார்க்க எட்டுக் கிழமை வரை போகும். கிருமி இல்லை என்று வந்தால் சான்றிதழ் கிடைக்கும். இருக்கிறது என்று வந்தாலும் கதவு பூட்டப்படுவதில்லை: சிகிச்சையை முடித்துவிட்டு மறுபடி சோதித்து விண்ணப்பிக்கலாம். காசு போகும், ஒரு இன்டேக் தவறும், வீட்டில் அம்மா கோயில் கோயிலாக நேர்த்தி வைப்பார். ஆனாலும் பாதை இருக்கிறது.

இதை நாங்கள் குறை சொல்லவில்லை. காசநோய் விளையாட்டு விஷயமில்லை. இலங்கையில் வருஷத்துக்கு எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் காசநோயாளராகப் பதிவாகிறார்கள். கொழும்பு மாவட்டம் அதில் முன்னுக்கு நிற்கிறது. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு அறைக்குள் ஆறு பேர் படுக்கிற வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம், சிலர் அங்கேயே வளர்ந்தும் இருக்கிறோம். இருமினால் யாருக்குப் போகும் என்று கணக்குப் போட அறிவியல் படிக்கத் தேவையில்லை. நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் சோதனை நல்ல சோதனைதான். கண்டுபிடித்த பிறகு அந்த ஆளை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எங்கட கேள்வி.

இனி வளைகுடாப் பக்கம். அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாடுகள் சேர்ந்து அங்கீகரித்த மெடிக்கல் சென்டர்கள் இருக்கின்றன. முன்பு காம்கா என்றார்கள், இப்ப வாஃபித். காசநோய், எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ், பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை என்று பட்டியல் நீளம். முடிவு இணையத்தில் ஏறும். பாஸ்போர்ட் இலக்கத்தை அடித்தால் ஃபிட் அல்லது அன்ஃபிட் என்று வரும். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோயின் வடு தெரிந்தாலே அன்ஃபிட். நோய் இப்ப இருக்கிறதா, மற்றவருக்குத் தொற்றுமா என்பது அடுத்த கேள்வியாகக்கூட எழுவதில்லை. ஆறிய வடு யாருக்கும் தொற்றாது. அது ஒரு காயம் மாறிய அடையாளம், அவ்வளவுதான்.

எங்களுக்குத் தெரிந்த ரெண்டு பேரின் கதை இது. பெயர் வேண்டாம்.

ஒருவர் எங்கட பேட்ச் தோழி ஒருத்தியின் அம்மா. கொட்டாஞ்சேனை. நாலு வருஷம் குவைத்தில் இருந்து உழைத்து இவளைப் படிப்பித்தவர். திரும்பி வந்து சில வருஷத்தில் காசநோய் வந்தது. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை எடுத்துக் குணமாகிவிட்டார். போன வருஷம் மறுபடி போக வெளிக்கிட்டார். மெடிக்கல் முடிந்து மூன்றாம் நாள் ஏஜென்சித் தம்பி போன் எடுத்து, "அக்கா, அன்ஃபிட் எண்டு விழுந்திருக்கு. இனி ஒண்டும் செய்யேலாது" என்றிருக்கிறார். ஏன் என்று கேட்டதுக்கு, "நெஞ்சில ஏதோ இருக்காம்". அவ்வளவுதான். ரிப்போர்ட் கையில் இல்லை, எக்ஸ்ரே கையில் இல்லை. என்ன வருத்தம் என்று ஒரு டொக்டரும் அவரைக் கூப்பிட்டு இருத்திச் சொல்லவில்லை. நெஞ்சில் ஏதோ என்றால் அந்த அம்மாவுக்கு என்ன தோன்றும்? மூன்று கிழமை அவர் தனக்குப் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டு, மகளுக்குச் சொல்லாமல் சமைத்துப் போட்டிருக்கிறார். பிறகு தோழிதான் விஷயம் அறிந்து பழைய சிகிச்சை நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே புதிய எக்ஸ்ரே எடுத்து, சளியும் சோதித்துவிட்டு டொக்டர் சொன்னது: "இது பழைய வடு அம்மா, நீங்க நல்லா இருக்கிறீங்க."

நல்லாத்தான் இருக்கிறார். ஆனால் அன்ஃபிட்.

மற்றவர் வெள்ளவத்தைப் பையன், எங்களில் ஒருவரின் ஏஎல் நண்பன். இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ். அவனுடைய எக்ஸ்ரேயிலும் ஒரு நிழல் இருந்தது. அவனைக் கூப்பிட்டு விளக்கினார்கள். சளி கொடுத்தான், ரெண்டு மாதம் காத்திருந்தான், கிருமி இல்லை என்று வந்தது. செப்டெம்பர் இன்டேக் ஜனவரிக்குப் போனது. இப்ப அங்கே பனியில் நின்று படம் போடுகிறான். அவன் போனதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். அந்த அம்மாவும் சளி கொடுக்கத் தயாராகத்தானே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

இந்த வித்தியாசத்துக்கு மருத்துவத்தில் காரணம் தேடிப் பிரயோசனம் இல்லை. மாணவன் காசு கட்டி வருகிறவன். கட்டணத்தைக் கட்டுகிறான், அதுக்கு மேல் பிரித்தானிய சுகாதார சேவைக்கென்று வருஷத்துக்கு 776 பவுண் தனியாகக் கட்டுகிறான். அவனைப் பிந்தி வரச் சொல்வது பல்கலைக்கழகத்துக்கு நட்டம் இல்லை, விடுவதுதான் நட்டம். வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பின்னால் வரிசையில் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள், இலங்கையில் மட்டுமில்லை, நேபாளத்திலும் கென்யாவிலும். சளி வளரும் வரை எட்டுக் கிழமை காத்திருக்க எந்த வீட்டுக்காரருக்கும் அவசியமில்லை. அடுத்த பாஸ்போர்ட்டை எடுத்தால் முடிந்தது.

போய்ச் சேர்ந்த பிறகும் இது முடிவதில்லை. சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல். அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் எந்த ஊரில் தொற்றுநோய் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

"அது அவங்கட நாடு, அவங்கட சட்டம், உள்ளுக்கு யாரை எடுக்கிறது எண்டு அவங்க முடிவு செய்வாங்க" என்று சொல்லுகிற ஆட்களும் இருக்கிறார்கள். எங்கட வீட்டிலேயே இருக்கிறார்கள். சரி. ஆனால் இந்தக் கதை எங்களுக்குப் புதுசு இல்லை. கொட்டாஞ்சேனையிலும் மலையகத்திலும் இருக்கும் பல குடும்பங்களின் கொள்ளுப்பாட்டன்மார் இலங்கைக்கு வந்ததே மெடிக்கல் வழியாகத்தான். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு, தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களை அக்கரையிலேயே, மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்து வைத்துச் சோதித்தார்கள். இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. கொலராவும் பிளேக்கும் அம்மையும் தீவுக்குள் வரக்கூடாது என்பது காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களைத் தோட்டத்தின் இலக்கத்தால் அடையாளம் கண்டார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று காட்ட ஒரு தகர வில்லை. உடம்பைச் சோதிப்பதும் ஆளை எண்ணாக்குவதும் ஒன்றாகவே தொடங்கியிருக்கின்றன. 1979 இல் ஹீத்ரோவில் இந்தியப் பெண் ஒருவரை, கலியாணம் முடிக்க வந்தவர் என்ற காரணத்துக்காகக் "கன்னித்தன்மை" சோதித்தார்களே, அதையும் மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில்தான் செய்தார்கள். கார்டியன் பத்திரிகை எழுதிய பிறகுதான் அது நின்றது.

வெள்ளவத்தைப் பக்கத்தாருக்கு இதெல்லாம் வராது என்றும் நினைக்க வேண்டாம். மாணவன் என்ற நிலை மாறி வதிவிடம் கேட்கும்போது கணக்கு மாறும். அவுஸ்திரேலியா நிரந்தர வதிவிடம் கேட்கிறவரின் வருத்தத்துக்கு அடுத்த சில வருஷங்களில், கூடியது பத்து வருஷத்துக்கு, அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணிக்கிறது. 2024 ஜூலையிலிருந்து அந்த எல்லை 86,000 டொலர். அதுக்கு முதல் 51,000. எல்லையைத் தாண்டினால் விசா இல்லை. குடும்பத்தில் ஒருவர் தோற்றால் பொதுவாக எல்லோரும் தோற்ற மாதிரி. 2008 இல் விக்டோரியாவின் ஹோர்ஷாம் என்ற சின்ன ஊரில் வேலை செய்த ஜெர்மன் டொக்டர் பேர்ன்ஹார்ட் மோலரின் குடும்பத்துக்கு வதிவிடம் மறுத்தார்கள். மகன் லூக்காஸுக்கு டவுண் சிண்ட்ரோம் என்பது காரணம். அந்த ஊருக்கே தேவைப்பட்ட டொக்டர். ஊரும் பத்திரிகைகளும் கத்தின பிறகு அமைச்சர் தலையிட்டுக் கொடுத்தார். டொக்டருக்காகக் கத்த ஒரு ஊர் இருந்தது. எங்கட ஆட்களுக்காக யார் கத்துவது?

இதெல்லாம் சேர்ந்து இங்கே இன்னொரு பழக்கத்தை வளர்த்திருக்கிறது. அது எங்கட வயசு ஆட்களிடம்தான் கூட: மறைப்பது. வெளியே போகிற எண்ணம் இருக்கிற யாரும் இன்ஹேலரை நாலு பேருக்கு முன்னால் எடுக்கமாட்டார்கள். மனச்சோர்வு என்று தெரிந்தும் கவுன்சிலரிடம் போகாத நண்பர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "ஃபைலில ஏறிடும் மச்சான், பிறகு விசா சிக்கல்." மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தது தானாகவே மாணவர் விசாவை மறுக்கும் காரணம் இல்லை. ஆனால் அதைச் சொல்ல யார் இருக்கிறார்? ஏஜென்ட் அண்ணா சொல்லுவது, "தங்கச்சி, எல்லாத்துக்கும் இல்லை எண்டு அடியுங்கோ." பொய் சொல்லிப் பிடிபட்டால்தான் உண்மையில் மறுப்பு வரும், அதுவும் வருஷக்கணக்கில் தொடரும். அதை அவர் சொல்லமாட்டார். இதோடு வீட்டு வைத்தியம் வேறு. எக்ஸ்ரேக்கு முதல்நாள் ரெண்டு இளநீர் குடித்தால் நெஞ்சு "கிளியர்" ஆகும் என்று எங்களில் ஒருத்திக்கு அவளின் பெரியம்மா சொன்னார். குடித்தாள். இளநீர் நல்லது, கேடு ஒன்றுமில்லை.

இவ்வளவையும் எழுதுவதன் நோக்கம் வளைகுடா நாடுகளை நாலு வார்த்தை திட்டுவது இல்லை. எங்கட அரசாங்கத்திடம் கேட்கத்தான். இலங்கையும் வதிவிட விசா கேட்டு வருகிற வெளிநாட்டாருக்கு மலேரியா, யானைக்கால், காசநோய், எச்.ஐ.வி. சோதனை வைத்திருக்கிறது. 2016 இல் மலேரியாவையும் யானைக்காலையும் ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பெருமையைக் காப்பாற்ற வேண்டும்தானே. உள்ளே வருகிறவரைப் பற்றி இவ்வளவு யோசிக்கத் தெரிந்த சுகாதார அமைச்சு, வெளியே போக நின்று திருப்பி அனுப்பப்படுகிற சொந்தப் பிரஜையைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறது? 2013 இல் புலம்பெயர்வோர் சுகாதாரத்துக்கென்று தேசியக் கொள்கை ஒன்றே வெளியிட்டார்கள். போகிறவர், வருகிறவர், உள்நாட்டில் இடம்மாறுகிறவர், பின்னால் விடப்படும் குடும்பம் என்று எல்லோரையும் அதில் எழுதியிருக்கிறார்கள். தொழிலாளர்களை அனுப்பும் ஆசிய நாடுகள் 2003 இல் கூடித் தொடங்கிய கூட்டுக்குப் பெயரே கொழும்பு செயன்முறை. எங்கட ஊரின் பெயர். 2024 இல் மட்டும் வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அனுப்பிய காசு 6.5 பில்லியன் டொலருக்கு மேல். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றதை மறந்தவர்களுக்கு அந்த டொலரின் அருமை தெரியாது.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. இலங்கை மண்ணில், இலங்கையில் பதிவு செய்த மெடிக்கல் சென்டரில், இலங்கையர் காசு கட்டி எடுக்கும் சோதனையின் முழு ரிப்போர்ட்டும் எக்ஸ்ரேயும் அவருடைய கையில் கிடைக்க வேண்டும், ஏஜென்சி வழியாக இல்லாமல் நேரடியாக. அன்ஃபிட் என்றால் ஏன் என்று அவருக்கு விளங்குகிற பாஷையில் ஒரு டொக்டர் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனை அம்மாவுக்குத் தமிழில், குருநாகல் அக்காவுக்குச் சிங்களத்தில். உண்மையாக நோய் இருந்தால் அங்கிருந்தே மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கோ உரிய கிளினிக்குக்கோ கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். காசநோய்ச் சிகிச்சை இந்த நாட்டில் இலவசம், மருந்தும் இலவசம். அன்ஃபிட் என்று சொல்லி ஒருவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பினால், அவர் உண்மையான நோயாளியாக இருக்கும் பட்சத்தில் அந்த ஆறு பேர் படுக்கிற அறைக்குத்தான் திரும்பிப் போகிறார். குவைத்தைக் காப்பாற்றியாச்சு, கொட்டாஞ்சேனையை யார் காப்பாற்றுவது?

பழைய வடு விஷயம் கொஞ்சம் கஷ்டம். அது அந்த நாடுகளின் விதி, இங்கே உத்தரவு போட்டு மாற்ற முடியாது. ஆனால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் அமைச்சும் தொழிலாளர் ஒப்பந்தம் பேசப் போகும்போது சம்பளம், டிக்கெட் பற்றிப் பேசுகிற மேசையில் இதையும் வைக்கலாம். குணமானவருக்குச் சளிப் பரிசோதனை ஒன்றுக்கு வாய்ப்புக் கொடு என்று கேட்பது ஒரு வரி. தனியாகக் கேட்டால் நேபாளத்தைக் காட்டி வாயை மூடுவார்கள். நேபாளமும் பங்களாதேஷும் பிலிப்பைன்ஸும் உட்கார்ந்திருக்கிற அந்தக் கொழும்பு செயன்முறையில் சேர்ந்து கேட்டால் அவ்வளவு சுலபமாக மூட முடியாது.

அதுவரைக்கும் நாங்கள் செய்யக்கூடியதைத் தொடங்கியிருக்கிறோம். மெடிக்கலில் என்னென்ன சோதிப்பார்கள், என்ன கேட்கலாம், ரிப்போர்ட்டை எப்படிக் கேட்டு வாங்குவது, நோய் என்று வந்தால் கொழும்பில் எங்கே போவது என்று ஒரு ரெண்டு பக்கத் தாள், தமிழிலும் சிங்களத்திலும். எழுதுகிற வேலை கலைப்பீடத்துக்காரருக்குப் பிரச்சினை இல்லை, மருத்துவ விஷயத்தைச் சரிபார்க்க மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருஷத்துக்கு மேல் படிக்கிற ரெண்டு பேர் வேண்டும். சிங்களத்தில் ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் இருந்தால் நல்லது. முதல் பிரதியைப் படித்துப் பார்த்து எங்கே விளங்கவில்லை என்று சொல்ல அந்தத் தோழியின் அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார்.